ஒளியும் கூரும்: செஃபீல்டு சவரக்கத்தி மெருகேற்றலின் வரலாறு

அருங்காட்சியகங்களில் வைக்கப்பெற்றுள்ள பழைய மடக்குச் சவரக்கத்திகளைக் காண்போர், அவற்றின் ஒளியைக் கொண்டே தரத்தை மதிப்பிடுவர். ஆயின் கத்தியின் ஒளி வேறு, கூர் வேறு. முன்னது அலகின் இரு பக்கங்களுக்கும் உரியது. பின்னது அப்பக்கங்கள் சந்திக்கும் விளிம்புக்கு உரியது. ஒன்றைப் பெற முயலுங்கால் மற்றொன்று கெடுதல் எளிது. இங்கிலாந்தின் செஃபீல்டு நகரக் கைவினைஞர் இவ்விரண்டையும் எவ்வாறு இணைத்தனர் என்பதையும், அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் இக்கட்டுரையில் நாம் நோக்குவோம்.

1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் செஃபீல்டை அடுத்த பகுதியில் எஃகை மூசையில் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். கசடு நீங்கிய அவ்வெஃகு சீரான மெருகை ஏற்றது. மூசை எஃகு தென்னிந்தியர்க்குப் புதியதன்று. அங்கு நெடுங்காலமாகச் செய்யப்பெற்ற 'ஊட்ஸ்' எஃகின் மாதிரிகள் 1790களில் இலண்டனை எட்டின. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதுபற்றிய ஆய்வை அரச கழகத்தின் முன் வைத்தார். இலண்டன் கத்தி வினைஞரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அவ்வெஃகைத் தம் தொழிலில் பயன்படுத்தியதோடு, 1820இல் மைக்கேல் பாரடேயுடன் இணைந்து எஃகுக் கலவைகள் குறித்த ஆய்வினையும் வெளியிட்டார்.

எனினும் நல்ல எஃகு மட்டும் போதாது; மெருகேற்றும்போதே அது கெடக்கூடும். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது வெப்பம். பதமேற்றிய எஃகு ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வெளிர்மஞ்சள் நிறம் காட்டும். ஏறத்தாழ 300 பாகையில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த விளிம்பு கடினம் குன்றிக் கூரைத் தாங்காது. மெல்லிய விளிம்போ விரைவில் சூடேறும். இரண்டாவது, மென்மையான சக்கரம் விளிம்பின்மேல் வளைந்து பதிந்து அதனை உருட்டிவிடும்.

ஆதலின் வினைஞர் வேலையின் வரிசையைக் காத்தனர். முதலில் சாணைக்கல், அடுத்து நுண்தூள் பூசிய சக்கரம், பின்னர், தோல் போர்த்து மெதுவாகச் சுழலும் சக்கரத்தில் 'குரோக்கசு' எனும் செந்நிற இரும்பு ஆக்சைடுத் தூள் கொண்டு மெருகு. கூர் தீட்டுதல் இறுதியிலேயே நிகழ்ந்தது.

பழங்கத்திகளைப் பேணுவோர்க்கும் இவ்வரிசையே வழிகாட்டி. அலகைத் தட்டையான பலகையில் கிடத்தி, நீளவாட்டில் கையால் தேய்த்தல் நன்று; துணி விளிம்பைக் குறுக்காகக் கடத்தல் ஆகாது. தீட்டுங்கால் கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருங்கே கல்லில் படிவதால், முதுகின் தடிப்பே கூரின் கோணத்தை வரையறுக்கிறது. முதுகை மிகுதியாகத் தேய்ப்போர் அறியாமலே அக்கோணத்தை மாற்றிவிடுவர். மெருகு முடிந்தபின் கல்லிலும் தோல்வாரிலும் தீட்டிக் கூரை மீட்டல் வேண்டும். அலகில் பொறித்த எழுத்துகள் ஆழமற்றவை. அவை ஒருமுறை தேய்ந்தால் மீளா.

இவ்வொளியின் பின்னே மனித இழப்பும் உண்டு. செஃபீல்டு மருத்துவர் நைட் கண்டறிந்ததாக ஏங்கல்சு 1845இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி உள்ளது. ஈரச்சாணை, உலர்சாணை ஆகிய இரண்டிலும் உழைத்த சவரக்கத்தித் தொழிலாளர், சாணைத் தூசியால் நுரையீரல் நலிந்து 40 முதல் 45 வயதிற்குள் இறந்தனர் என்பதே அது. காட்சிப் பேழையிலுள்ள கத்தியின் ஒளியை மதிப்பிடுங்கால், அதனை ஆக்கியோரின் குறுகிய வாழ்நாளையும் நாம் கணக்கில் கொள்ளுதல் தகும்.