கடல்கடந்த வேலைக்குக் கல்லில் பிணை: நாகையின் கன்மிகளும் வான் லேரின் சுமைவணிகரும்

வெளிநாட்டுக்காரருக்கு நாகப்பட்டினத்தில் இருந்தபடியே வேலை பார்ப்பது இணையம் கொண்டுவந்த புதுப் பிழைப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமத்திராவின் ஸ்ரீவிசய அரசருக்காக இதே ஊரில் கன்மிகளாக, அதாவது அவருடைய முகவர்களாக, காரியம் பார்த்தவர்களின் பெயர்கள் காயாரோகணசுவாமி கோயில் கல்வெட்டுகளில் உள்ளன. நாகையின் பௌத்தப் பள்ளியான சூடாமணிவர்ம விகாரத்தையும் ஆனைமங்கலச் செப்பேடுகளையும் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டதால் அவற்றை இங்கு விரிக்கவில்லை. அரசுப் பதவியோ பக்கத்தில் எசமானரோ இல்லாமல், தொலைவிலிருப்பவரை நம்பி வேலை செய்தவருக்கு அந்த வேலை எதனால் நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்விக்கு நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்த விடை டச்சு அறிஞர் யா. சே. வான் லேருடையது. அவருடைய 1934ஆம் ஆண்டு ஆய்வேடு, அவர் 1942இல் ஜாவாக் கடற்போரில் இறந்தபின், 1955இல் ஆங்கிலத்தில் வந்து பரவலாகியது. பழைய ஆசியக் கடல்வணிகம் எண்ணற்ற சுமைவணிகரின் வணிகம் என்பது அவர் வாதத்தின் நடு. விலையுயர்ந்த சரக்கைச் சிறு அளவில் கையோடு கொண்டுபோய், துறைக்குத் துறை விற்று, அடுத்த காற்றுக்குத் திரும்பும் தனி மனிதர் அவர். முதல் போடுபவர்கள் பிரபுக்களும் அரசர்களும். இந்த வடிவம் நூற்றாண்டுகளாக மாறவில்லை என்றும் வான் லேர் கருதினார். 1962இல் வரலாற்றாசிரியர் மெய்லிங்க்-ருலோஃப்ஸ் இதைக் கடுமையாக மறுத்தார். 1970களில் இன்னொரு வரலாற்றாசிரியரான ஸ்டீன்ஸ்கார்ட் சுமைவணிகரை மீண்டும் உயிர்ப்பித்தார். ஆனால் அந்த வழக்கு பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டுச் சான்றுகளின் மேல் நடந்தது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் ஓரத்திலேயே நின்றுவிட்டன.

வான் லேருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். ஆசிய வரலாற்றை ஐரோப்பியக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கும் வழக்கத்தை உடைத்தவர் அவர். தனி மனிதரின் கைச்சரக்கு சிறியது என்பதும் உண்மையாகலாம். அவர் தவறுவது அடுத்த படியில். சரக்கு சிறியது என்பதிலிருந்து, அந்த மனிதரின் தொழில்வாழ்வும் ஒரு பயணத்தோடு தொடங்கி அதே பயணத்தோடு முடியும் துண்டு வாழ்வு என்ற படம் உருவாகிவிடுகிறது. அவர் இரண்டு பேரை மட்டுமே பார்க்கிறார்: முதல் போடுபவர், சுமப்பவர். இருவருக்கும் இடையில் பிணை நின்ற மூன்றாவது தரப்புக்கு அந்தச் சித்திரத்தில் போதிய இடமில்லை. கல்வெட்டுகளில் அடுத்தடுத்துக் கண்ணில் படுவது அந்த மூன்றாவது தரப்புதான்.

நாகைக் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசேந்திரனின் தொடக்க ஆண்டுகள், ஏறத்தாழ 1014 முதல் 1019 வரை, அவற்றின் காலம். ஸ்ரீவிசய அரசரின் கன்மியான நிமலன் அகத்தீசுவரன் என்பவர் காயாரோகணசுவாமி கோயிலுக்குக் கொடை தருகிறார். கிடாரத்து (இன்றைய கெடா) அரசரின் கன்மியாக வரும் குருத்தன் கேசவன் சீனக் கனகம் அளிக்கிறார். வெள்ளித் திருமேனிக்கு அணிகளும் விளக்குகளும் இக்கொடைகளில் அடங்கும். ஸ்ரீவிசய அரசர் பௌத்தப் பள்ளி எழுப்பிய ஊரிலேயே அவருடைய ஆட்கள் சிவன் கோயிலுக்குப் பொன் தருவதைச் சமயப் பொறைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது தவறில்லை, போதாது. கோயிலில் வைத்த பொன்னுக்கு ஊரார் சாட்சி, கோயிலார் காவல். கொடுத்தவர் பெயரோடு அவரை அமர்த்தியவர் எந்த நாட்டு அரசர் என்பதும் சுவரில் ஏறுகிறது. கடலுக்கு அப்பால் இருக்கும் எசமானர் யாரென்று ஊருக்குத் தெரிந்தபின் கன்மியின் சொல்லுக்குக் கடைத்தெருவில் மதிப்பு கூடியிருக்கும். அடுத்து வரும் கன்மிக்கும் அந்தச் சுவரே அறிமுகம்.

இக்கன்மிகள் உள்ளூர்த் தமிழரா, சுமத்திராவிலிருந்து வந்து தங்கியவரா? நேரடிச் சான்று பெயர்கள் மட்டுமே. அகத்தீசுவரன் என்ற பெயருக்கு அடியான அகத்தியரின் பெயரைத் தாங்கிய ஊரும் கோயிலும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. வேதாரணியத்தை அடுத்த அகத்தியான்பள்ளி தேவாரம் பெற்ற தலம். ஆனால் ஜாவாவிலும் அகத்தியர் வழிபாடு வேரூன்றியிருந்தது. 760ஆம் ஆண்டு தினோயோ கல்வெட்டு அங்கே அகத்தியருக்குச் சிலை நிறுவியதைச் சொல்கிறது. ஆகவே பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடை தமிழில், தமிழ்க் கோயில் வழக்குப்படி, சோழ ஆட்சியாண்டு இட்டுப் பதிவாகியிருக்கிறது. ஓர் அயலார் வந்து போகிற போக்கில் செய்த காரியமாக இது தெரியவில்லை. இவர்களில் ஒருவராவது சோழநாட்டில் பிறந்து, கடல் தாண்டிய அரசருக்குத் தன் ஊரிலிருந்தே உழைத்தவர் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1025இல் இராசேந்திரனின் கப்பற்படை கிடாரத்தைத் தாக்கியபின் இவர்கள் நிலை என்னவாயிற்று என்பதை இக்கல்வெட்டுகள் சொல்ல வழியில்லை, அவை முந்தியவை. 1090இல் குலோத்துங்கன் அவைக்குக் கிடாரத் தூதர் இருவர் வந்து நாகைப் பள்ளிகளின் ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டுப் பெற்றதைச் சிறிய லெய்டன் செப்பேடு காட்டுகிறது. தொடர்பு போரோடு அற்றுவிடவில்லை என்பதற்கு மேல் இதிலிருந்து எதையும் இழுக்க இயலாது.

எதிர்த்திசையில் போனவர்களின் கதை இதைவிடத் தெளிவு. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த சிதைந்த தமிழ்க் கல்வெட்டு, நாங்கூருடையான் என்று படிக்கப்படும் ஒருவர் அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டியதைச் சொல்கிறது. நாங்கூர் சீர்காழிப் பக்கத்து ஊர். குளம் வெட்டியவர் தனி மனிதர், அதைக் காக்கும் பொறுப்போ மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவிடமும் சேனாமுகத்தார் என்ற படையினரிடமும் இருக்கிறது. அவனிநாரணன் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர் என்பதால் 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கல்லில் ஆண்டு இல்லை. அரசர் மறைந்தபின்னும் ஒரு பெயர் புழங்கலாம் என்பதால் சில பத்தாண்டுகள் தள்ளிவைக்கவும் இடமுண்டு.

சுமத்திராவின் பாரூசை அடுத்த லோபு துவா கல்வெட்டுக்கு அந்தக் குழப்பம் இல்லை. சகம் 1010, மாசித் திங்கள், அதாவது 1088. நீலகண்ட சாத்திரி 1932இல் இதை வணிகக் குழுவின் சாசனமென்று அறிமுகம் செய்தார். எ. சுப்பராயலு பின்னர் கல்லை மறுபடி ஆராய்ந்து கூடுதலாகப் படித்தார். திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் எனும் அக்குழுவினர் கூடிச் செய்த முடிவு இதுதான்: மரக்கல நாயனும் கேவிகளும் கத்தூரி விலையைக் கணக்காக வைத்து, பொன்னில் அஞ்சுதுண்டாயம் என்ற கட்டணத்தைச் செலுத்திய பிறகே பாவாடையில் (விரித்த துணியில்) ஏற வேண்டும். அரசன் விதித்த வரியல்ல, குழு தன் மக்களுக்குத் தானே விதித்துக்கொண்டது. கேவிகள் யார் என்பது இன்னும் தீரவில்லை. துடுப்புக்காரர் என்ற கருத்து சரியானால், சொந்தச் சரக்கு மிகக் குறைவாக உள்ளவரும் பங்கு செலுத்தினார், அதனாலேயே குழுவின் ஆளாக எண்ணப்பட்டார் என்று ஆகிறது. வான் லேரின் சுமைவணிகருக்கு மிக நெருங்கியவர் இந்தக் கேவிதான். அவரும் தனி ஆள் இல்லை. வேறு பொருள் நிரூபிக்கப்பட்டால் வாதத்தின் இந்தக் கிளை முறியும், அடிமரம் நிற்கும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பிரான்மலைக் கல்வெட்டில் சரக்கு வாரியாகக் கோயிலுக்குப் பங்கு விதிக்கிறார்கள் வணிகக் குழுவினர். பொதுவுக்கு ஒதுக்கும் பழக்கம் பாரூசோடு நின்றுவிடவில்லை.

இன்றைய ஃப்ரீலான்ஸ் வேலையைப் பற்றிய பேச்சிலும் வான் லேரின் மனிதரே உலவுகிறார்: திறமையை மட்டும் சுமந்துகொண்டு வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் தாவும் ஒற்றை ஆள். அவருக்குச் சொல்லப்படும் அறிவுரையெல்லாம் சரக்கைப் பற்றியது, பிணையைப் பற்றியது அல்ல. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு கிக் தொழிலாளர், தளத் தொழிலாளர் என்ற பிரிவுகளை முதன்முறையாக வரையறுத்து, அவர்களுக்கான நிதிக்குத் தளம் நடத்தும் நிறுவனம் தன் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு செலுத்த வேண்டும் என்கிறது. இது கல்வெட்டுகளின் ஏற்பாட்டை ஒத்திருப்பதுபோல் தெரியும். வேறுபாடு முக்கியமானது. பாரூசில் விகிதத்தை முடிவு செய்தவர்கள் தொழில் செய்தவர்களே. இங்கே அதை அரசே தீர்மானிக்கிறது. நாகையிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் நேரடியாக வேலை வாங்குபவருக்காகப் பங்கு செலுத்தத் தளமும் இல்லை, சேர்ந்துகொள்ளக் குழுவும் இல்லை.

இந்த ஒப்பீட்டை அளவோடு நிறுத்த வேண்டும். பாரூசுக் கல் ஒரு விதி இருந்தது என்பதற்குச் சான்று, அது எத்தனை காலம் நடந்தது என்பதற்கு அல்ல. ஐந்நூற்றுவர் படையும் வைத்திருந்தவர்கள். அவர்களின் பிணையில் வற்புறுத்தலும் கலந்திருக்கும். ஆனாலும் தக்குவாபா, நாகை, பாரூசு ஆகிய மூன்று இடங்களிலும் தனி மனிதருக்குப் பின்னால் ஒரு சபையோ கோயிலோ பெயர் சொல்லி நிற்கிறது. சுமைவணிகர் கோட்பாட்டைத் தொடர விரும்புவோர் முதலில் இம்மூன்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.