கிளினிக் நாளுக்கு மட்டும் குறைகிற சீனி

களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டுக் கலண்டரில் அப்பாவின் கிளினிக் நாளைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். அதற்கு மூன்று நாள் முன்பே மனிதர் மாறிவிடுவார். சோறு ஒரு பிடிதான். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், தயிர்ப்பக்கமும் திரும்பமாட்டார். கிளினிக் முடிந்தால், வரும் வழியிலேயே பழைய ஆள்.

வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சீனி 110, 115 என்று வரும். கொப்பியைக் காட்டி, "பாரு மகள், எல்லாம் சரி" என்பார். சுகாதாரச் செய்தி எழுதுகிற நானும் நம்பினேன்.

போன ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரை போய் வந்தார், வெறுங்காலோடு. பாயில் இரத்தக்கறையைக் கண்டு அம்மாதான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். முள் ஏறிப் புண்ணாகியிருந்தது. அப்பாவுக்கு வலிக்கவே இல்லை. நீண்ட காலம் கூடியிருக்கும் சீனி பாத நரம்புகளைக் கெடுத்து உணர்வை மழுங்கடிக்கும். அப்போது எடுத்த எச்பிஏ1சி சோதனையில் 9.8 வீதம்.

இந்தச் சோதனையை மூன்று நாள் பத்தியத்தால் ஏமாற்ற முடியாது. செங்குருதிக் கலம் சுமார் 120 நாள் வாழும். அந்தக் காலம் முழுக்க அதில் ஒட்டிய சீனியைத்தான் இது அளக்கிறது. 6.5 வீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. நோயுள்ள பலருக்கு 7 வீதத்துக்குக் கீழே வைப்பதே இலக்கு. முதியவர்களுக்கு வைத்தியர் சற்றுத் தளர்த்துவார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2005–06இல் நடந்த தேசிய ஆய்வில் இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானோருக்கு அது தெரியாது. 35 வயதைக் கடந்தவர்கள் அரச ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாகச் சோதிக்கலாம்.

வீட்டில் இப்போது பாதித் தட்டு கீரையும் மரக்கறியும், கால்வாசி சோறு, மிச்சம் வாவி மீன். புட்டை அம்மா சிரட்டையால் அளக்கிறார். அதில்தான் தினமும் சண்டை. விரத நாட்களில் பட்டினி கிடந்துகொண்டு வழமைபோல இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுத்தால் சீனி 70க்குக் கீழே இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். விரதத்துக்கு முன்பே வைத்தியரிடம் கேட்பது இன்னும் நல்லது.

புண் ஆற நான்கு மாதம் எடுத்தது. விரல் தப்பியது. இரவில் அம்மா டோர்ச் அடித்து இரண்டு பாதங்களையும் பார்க்கிறார். கடைசி முடிவு 7.9. அடுத்த ஆடிக்குச் செருப்புப் போட்டு நடக்க அப்பா அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார்.