சென்னைத் துறைமுகச் சுங்கத் தரகு

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வரும் கன்டெய்னர் ஒன்று, கப்பலை விட்டு இறங்கி இறக்குமதியாளரின் கிடங்கைச் சேர்வதற்குள் கப்பல் நிறுவனம், முனையம், சுங்கத்துறை, சரக்கு நிலையம், வங்கி என்று பல வாசல்களைக் கடக்கிறது. சரக்கு உணவுப்பொருளாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையும், விதையோ மரமோ ஆனால் தாவர நோய்த் தடுப்பு அலுவலகமும் சேர்ந்துகொள்ளும். இத்தனை பேரிடமும் இறக்குமதியாளர் சார்பில் ஆவணம் கொடுத்து, வரி கணக்கிட்டு, கேள்விக்குப் பதில் சொல்லிச் சரக்கை வெளியே எடுக்கும் உரிமம் பெற்ற தொழில் சுங்கத் தரகு. சட்டம் ‘சுங்கத் தரகர்’ என்கிறது. துறைமுகத்தை ஒட்டிய தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் கேட்டால் ‘கிளியரிங் ஏஜென்ட்’ அல்லது ‘சி.எச்.ஏ.’ (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட்) என்பார்கள்.

கடந்த முப்பது ஆண்டுகளில் கணினி, தானே வரி மதிப்பிடும் முறை, முகம் பாராத மதிப்பீடு என்று சீர்திருத்தங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் வந்தபோது இடைத்தரகருக்கு இனி வேலையிருக்காது என்று பேசப்பட்டது. நடந்தது வேறு: தரகரின் அலைச்சல் குறைந்தது, தலையில் ஏறிய பொறுப்பு கூடியது.

தமிழ்க் கடற்கரையில் சுங்கம் பழைய விஷயம். கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, துறையில் ஏறி இறங்கும் பொதிகளுக்குப் புலி முத்திரை இட்டுச் சுங்கம் கொண்ட காவலர்களைக் காட்டுகிறது. முத்திரையில்லாத பொதி நகராது என்ற விதிக்குக் குறைந்தது ஆயிரத்தைந்நூறு வயது இருக்கும். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் நிலைத்ததும் இங்கேதான். வரியை நீக்கியதற்காக ஒரு மன்னன் காலங்காலமாக நினைக்கப்படுகிறான் என்றால், அந்த வரி வணிகரை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராசில் காலூன்றியபோது அங்கே துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்தவை, கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள். ஜார்ஜ் கோட்டை நிர்வாகத்தில் கடல்வழிச் சரக்குக்கு வரி வசூலிப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். ஊர் தெரியாத, மொழி புரியாத வெள்ளை வணிகருக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் நடுவில் நின்று காரியம் முடித்தவர்கள் துபாஷிகள். அறக்கட்டளைகளால் இன்றும் பெயர் நிற்கும் பச்சையப்ப முதலியார் அவர்களில் ஒருவர். துபாஷி கடன் ஏற்பாடு செய்தார், ஆள் பிடித்தார், விலை பேசினார். சரக்கைக் கரையேற்றி அதிகாரியிடம் விடுவித்துத் தருவது அவருடைய பல வேலைகளில் ஒன்று. அது தனித்தொழிலாகப் பிரிய இன்னும் நூறாண்டு தேவைப்பட்டது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் சுங்க அலுவலகம் கோட்டையை விட்டு வடக்கே, இந்தியர் குடியிருந்த கருப்பர் நகரக் கடற்கரைக்கு வந்தது. வணிக நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. இன்றைய மண்ணடி, பாரிமுனைப் பகுதியில் கப்பல் ஏஜென்ட்டும் தரகரும் வங்கியும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய் வர வேண்டிய தொழிலுக்கு நடக்கும் தூரத்தில் அலுவலகம் வேண்டியிருந்தது.

1861இல் கடலுக்குள் ஓர் இறங்குபாலம் கட்டப்பட்டது. 1870களில் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தின் சுவர்களை 1881 புயல் உடைத்தது. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் நுழைவாயிலை வடகிழக்குக்கு மாற்றியமைத்த பிறகே கப்பல்கள் நிம்மதியாக வந்துபோகும் துறைமுகம் உருவானது. இதற்கிடையில் 1878இல் வந்த கடல் சுங்கச் சட்டம், சுங்க அலுவலகத்தில் பிறர் சார்பில் காரியம் பார்ப்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்றது. துபாஷியின் வேலையில் ஒரு துண்டு அன்றுமுதல் அரசு உரிமத்துக்குள் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1962ஆம் ஆண்டுச் சட்டம்; அதன் 146ஆம் பிரிவு தரகர் உரிமத்தைப் பேசுகிறது. உரிம விதிகள் 1984, 2004, 2013, 2018 என்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டன.

சுதந்திரத்துக்குப் பின் நாற்பது ஆண்டுகள் இறக்குமதி என்றாலே லைசென்ஸ். எதை, எவ்வளவு, யார் கொண்டுவரலாம் என்பதை 1947ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் தீர்மானித்தது. நேர்வழி குறுகியதால் பக்கவழி பெருகியது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காகக் கடற்கரைச் சாலையில் உருவான பர்மா பஜார், வெளிநாட்டு ரேடியோவுக்கும் செண்டுக்கும் பேர்போன இடமானது. அதே சாலையில்தான் சுங்க இல்லமும் இருந்தது. சென்னைக்காரர்கள் இதை ஒரு முரணாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையான திருப்பம் 1983இல் வந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாகக் கன்டெய்னருக்கென்று தனி முனையம் சென்னையில் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. 2001இல் அதை நடத்தும் பொறுப்பு தனியாரிடம் போனது. 2009இல் இரண்டாவது முனையம் வந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குப் பல லட்சம் இருபதடிப் பெட்டி அளவைக் கையாளுகின்றன. வடக்கே காட்டுப்பள்ளியும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் பங்குக்கு வந்துவிட்டன.

எண்ணிக்கையைவிடப் பெட்டியின் இயல்புதான் தரகுத் தொழிலை மாற்றியது. மூட்டையாகவும் மரப்பேழையாகவும் வந்த காலத்தில் சரக்கு கண்ணுக்குத் தெரியும். மேற்பார்வையாளர் குத்திப் பார்ப்பார், எண்ணிப் பார்ப்பார். சீல் வைத்த இரும்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி காகிதம்தான். எல்லாப் பெட்டியையும் திறந்தால் துறைமுகம் நின்றுபோகும். எனவே ‘உள்ளே இருப்பது இது’ என்று எழுதித் தருபவரின் சொல்லுக்கு எடை ஏறியது. அந்தச் சொல்லைத் தயாரிப்பவர் தரகர்.

அந்தச் சொல்லுக்குப் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்று பெயர். உடனே உள்நாட்டில் பயன்படுத்த வெள்ளை, வரி கட்டாமல் பண்டகசாலையில் வைக்க மஞ்சள், அங்கிருந்து பிறகு எடுக்கப் பச்சை என்று தாளின் நிறமே வகையைச் சொல்லிய காலம் ஒன்று இருந்தது. தரகரின் ஆள் அந்தத் தாளோடு மேசை மேசையாகப் போவார். மதிப்பீட்டு அதிகாரி வகையையும் விலையையும் பார்ப்பார்; தணிக்கை பார்க்கும்; பிறகு கஜானா; பிறகு ஷெட்டில் பரிசோதனை; கடைசியில் சரக்கை விடுவிக்கும் ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ உத்தரவு. எந்த அதிகாரி எப்போது இருக்கையில் இருப்பார் என்று தெரிந்திருப்பது அன்றைய தொழிலறிவில் பாதி. வேகத்துக்கு விலை வைக்கும் பழக்கமும் அந்த மேசைகளுக்கு நடுவில்தான் வளர்ந்தது.

தாளின் உயிர்நாடி வகைப்படுத்தல். உலகச் சரக்கையெல்லாம் 97 அத்தியாயங்களில் அடக்கும் ஒத்திசைவு முறையை இந்தியா 1980களின் நடுவில் தன் வரிப்பட்டியலில் ஏற்றது. அதில் 77ஆம் அத்தியாயம் பின்னாளில் வரக்கூடிய ஏதோ ஒன்றுக்காக இன்றுவரை காலியாகக் கிடக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் உரிய எட்டு இலக்கக் குறியீட்டில் முதல் ஆறு இலக்கங்கள் உலகுக்குப் பொது. கடைசி இரண்டும் இந்தியாவுடையவை. இந்த எட்டு இலக்கத்தில் ஓர் இடம் பிசகினால் என்ன ஆகும்? ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள சரக்குக்கு அடிப்படை வரி 10 சதவீதம் என்றால் 10,000 ரூபாய். அதன்மேல் சமூகநலக் கூடுதல் வரி பத்தில் ஒரு பங்கு, 1,000. இவை சேர்ந்த 1,11,000 ரூபாய்க்கு 18 சதவீத ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி (ஐ.ஜி.எஸ்.டி.) 19,980. மொத்தம் 30,980. அடிப்படை வரி 20 சதவீதம் என்று அதிகாரி முடிவு செய்தால் மொத்தம் 43,960. ஐ.ஜி.எஸ்.டி.யைப் பெரும்பாலான வணிகர்கள் தங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார்கள். கழியாமல் கையைக் கடிப்பது அடிப்படை வரியும் கூடுதல் வரியும். வழக்குகளில் பெரும்பங்கு அவற்றைச் சுற்றித்தான்.

சண்டை எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்பதற்கு 1999இல் வந்த வைட்டமின் ஈ-50 பொடி ஓர் எடுத்துக்காட்டு. இறால் தீவனம் என்று 5 சதவீத வரிச்சலுகை கேட்டார் மும்பை இறக்குமதியாளர்; தீவனத்தில் சேர்க்கும் மூலப்பொருள்தான், 30 சதவீதம் கட்டு என்றது சுங்கத்துறை. அந்தப் பொடி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு வரை போனது. விலக்கு அறிவிக்கையில் ஐயம் இருந்தால் பலன் அரசுக்கே என்று 2018இல் தீர்ப்பு வந்தது. சலுகை கோரும் ஒவ்வொரு பில்லையும் தரகர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்தே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கே விளைந்தது என்பதும் வரியை மாற்றும். இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000இல் நடைமுறைக்கு வந்தபின், வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வருகிறது என்று இந்திய விவசாயிகள் குற்றம்சாட்டினார்கள். 2017 இறுதியில் மத்திய அரசு மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. பாக்குக்கும் இதே கதை. 2023இல் பாக்கின் குறைந்தபட்ச இறக்குமதி விலை கிலோவுக்கு 351 ரூபாயாக உயர்ந்தது. 2020 செப்டம்பரிலிருந்து, பிறப்பிடச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டில் பொருள் எப்படி உருவானது என்ற விவரத்தையும் இறக்குமதியாளர் வைத்திருக்க வேண்டும்.

வரியோடு எதுவும் முடிவதில்லை. 2021 முதல் பொம்மைக்கு இந்தியத் தர முத்திரை வேண்டும். எந்திரம் ஒழுங்காக இருந்து, அதை ஏற்றிவைத்த மரப்பலகையில் பூச்சி நீக்கியதற்கான சர்வதேச முத்திரை இல்லையென்றாலும் கன்டெய்னர் நின்றுவிடும். நிற்கும் ஒவ்வொரு நாளும் முனையத்துக்கு டிமரேஜ் என்ற தேக்கக் கட்டணம், கப்பல் நிறுவனத்துக்கு டிடென்ஷன் என்ற பெட்டித் தாமதக் கட்டணம்.

நின்ற சரக்கு ஊரையே பயமுறுத்திய சம்பவமும் உண்டு. உரத்தரம் என்று சொல்லி வந்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட்டை 2015இல் சென்னைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. வெடிமருந்துக்கு உதவும் தரம் அது என்பது துறையின் வாதம். வழக்கு நடக்க, சரக்கு மணலி அருகே கன்டெய்னர் நிலையத்தில் கிடந்தது. ஐந்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே வேதிப்பொருள் வெடித்து நகரைச் சிதைத்ததும், சென்னைக்கு இந்த 37 கன்டெய்னர்கள் ஞாபகம் வந்தன. மிஞ்சியிருந்த 697 டன் சில நாட்களில் ஏலம் போய் ஐதராபாத்துக்குக் கிளம்பியது. ஐந்து ஆண்டு நகராதது ஒரு மாதத்துக்குள் நகர்ந்தது.

தவறான அறிவிப்புக்கு யார் பொறுப்பு? இறக்குமதியாளர் என்பது எளிய பதில். விதிகள் அங்கே நிற்பதில்லை. வாடிக்கையாளரின் இறக்குமதி எண்ணையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் தரகர் சரிபார்க்க வேண்டும். சொன்ன முகவரியில் அவர் தொழில் நடத்துகிறாரா என்று நம்பகமான ஆவணங்களால் உறுதிசெய்ய வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாகப் போனால் எச்சரிக்க வேண்டும், கேட்காவிட்டால் சுங்கத்துறையிடம் சொல்ல வேண்டும். இறக்குமதியாளர், சுங்கத்துறை இரு தரப்பின் நலனையும் காக்க வேண்டியவர் தரகர் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகப் பேசியது. சரக்கின் உண்மையை எடைபோடும் ஆய்வாளர் அல்ல அவர் என்று 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் சற்றே மூச்சுவிட இடம் கொடுத்தது. கூலி கொடுப்பவர் ஒருவர், விசுவாசம் கேட்பவர் இருவர். இந்த ஏற்பாட்டின் சங்கடத்தை எந்த விதித் திருத்தமும் தீர்க்கவில்லை.

உரிமம் பெறுவதும் சுலபமல்ல. எழுத்துத் தேர்வு, பிறகு வாய்மொழித் தேர்வு. தேறியவருக்கு எஃப் கார்டு. தரகரிடம் வேலை செய்து தனித் தேர்வு எழுதியவருக்கு ஜி கார்டு. ஓடியாடும் இளைஞருக்கு ஹெச் கார்டு. கையில் ஹெச் கார்டோடு ஷெட்டில் நின்று தொழில் பழகி, பின்னாளில் சொந்தமாகப் பலகை மாட்டியவர்கள் மண்ணடியில் நிறைய.

பில் ஆஃப் என்ட்ரி தாள் சுற்றிவந்த பழைய மேசை வரிசையைக் கணினி மெல்லக் கலைத்தது. 1995இல் டெல்லியில் தொடங்கிய மின்னணு முறை பெரிய சுங்க இல்லங்களுக்கெல்லாம் பரவியது. 2005இல் வந்த இடர் மேலாண்மை முறை, எந்தப் பெட்டியைத் திறப்பது, எதை விடுவது என்ற முடிவைக் கணினிக்குக் கொடுத்தது. 2011 ஏப்ரலில், வரியை இறக்குமதியாளரே மதிப்பிட்டுக்கொள்ளட்டும், துறை சரிபார்க்கும் என்று சட்டம் திருத்தப்பட்டது. மேலுக்குச் சலுகையாகத் தெரிந்த இந்தத் திருத்தம்தான் பொறுப்பை இடம் மாற்றியது. முன்பு அதிகாரி கையெழுத்திட்ட மதிப்பீட்டில் பிழை வந்தால் பழி அங்கேயும் பாதி போகும். இப்போது முதல் கணக்கு இறக்குமதியாளருடையது, அதை எழுதியது தரகரின் விசைப்பலகை. சரக்கு வெளியேறிய இரண்டு ஆண்டுவரை குறைவாகக் கட்டிய வரியைக் கேட்டு நோட்டீஸ் வரலாம். மறைத்ததாகக் கருதினால் ஐந்து ஆண்டு.

2020 ஜூன் 8 அன்று முகம் பாராத மதிப்பீட்டுக்குச் சென்னையும் பெங்களூரும் முதற்களமாயின. முதலில் எந்திரங்களும் மின்சாதனங்களும் வரும் 84, 85 அத்தியாயங்கள். அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுக்க எல்லாச் சரக்கும். சென்னையில் தாக்கலாகும் பில்லை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கிறார். அவர் யாரென்று தரகருக்குத் தெரியாது. நேரில் போய் மாதிரியைக் காட்டி ‘இது இப்படித்தான் வேலை செய்யும் சார்’ என்று விளக்க முடிந்தவர், அதையே திரைக்குள் அடங்கும் சில வரிகளில் எழுத வேண்டியிருக்கிறது. லஞ்சத்துக்கு இடம் சுருங்கியது, கூடவே உரையாடலுக்கும். 2021 முதல், கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் தாக்கலாக வேண்டும் என்பதும் சேர்ந்தது. தாமதித்தால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் 10,000.

திரைக்கு வெளியே பரிசோதனைக்கு இன்னும் மனிதர்கள்தான் போகிறார்கள். 2025 அக்டோபரில் சென்னையில் ஒரு சிறு இறக்குமதி நிறுவனம், லஞ்சத் தொல்லையால் தொழிலையே நிறுத்துவதாக வெளிப்படையாக அறிவித்தது. அறிவிக்காத கேபிள்களும் தவறான வகைப்படுத்தலும் பேட்டரிக் கழிவு விதிச் சான்றிதழ் இல்லாததும்தான் காரணம் என்று சுங்கத்துறை மறுத்தது. நிதியமைச்சகம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

அதே ஆண்டு நிதிச் சட்டம் 18ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. சரக்கு வெளியேறிய பின்னும் இறக்குமதியாளர் தன் பில்லில் உள்ள பிழையைத் தானே திருத்தி, குறைந்த வரியை வட்டியோடு கட்டலாம். நவம்பரில் விதிகள் நடப்புக்கு வந்தன. பழைய பில்களைத் தோண்டி எது பிழை, எதைத் திருத்துவது லாபம், எதைத் தொட்டால் விசாரணை வரும் என்று சொல்லும் வேலை மறுபடி தரகரிடமே வந்து சேர்ந்திருக்கிறது.