ஒவ்வாமை மூக்கழற்சியில் ஹிஸ்டமின் எதிர்ப்பியும் ஸ்டீராய்டும்: கூட்டுப்பயன் எவ்வளவு?

ஒவ்வாமை மூக்கழற்சிக்கு ஹிஸ்டமின் எதிர்ப்பியையும் ஸ்டீராய்டையும் சேர்த்து எழுதித் தருவது பரவலான வழக்கம். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் பயனும் கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அது பாதிதான் சரி.

மகரந்தம் மூக்கில் படிந்த சில நிமிடங்களில் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியேற்றுகின்றன. தும்மல், அரிப்பு, நீரொழுக்கு எல்லாம் பெரும்பாலும் அதன் வேலை. எதிர்ப்பி மருந்து ஹிஸ்டமினுக்கான எச்1 ஏற்பியைச் செயலற்ற நிலையில் நிறுத்தி இவற்றை விரைவாகத் தணிக்கிறது. மூக்கடைப்பில் லூக்கோட்ரையீன்களுக்கும், சில மணி நேரம் கழித்து வந்து சேரும் ஈசினோபில்களுக்கும் பங்கு உண்டு; அங்கே எதிர்ப்பியின் கை ஓங்குவதில்லை. ஸ்டீராய்டோ தன் ஏற்பியோடு செல்லின் கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை அடக்குகிறது. அதனால் மெதுவாகத் தொடங்கினாலும் பரந்து செயல்படுகிறது.

ஆயினும் இவ்விரு வழிகளும் ஓரிடத்தில் கலக்கின்றன. எச்1 ஏற்பி முடுக்கிவிடும், அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி புரதத்தையே ஸ்டீராய்டும் அடக்குகிறது. தவிர, தொடர்ந்து தெளிக்கப்பட்ட ஸ்டீராய்டு, மாஸ்ட் செல்கள் வெளியேற்றும் ஹிஸ்டமினின் அளவையே குறைத்துவிடுகிறது. அதன்பின் எதிர்ப்பிக்கு மிஞ்சும் வேலை கொஞ்சம்தான்.

செல் வளர்ப்பு ஆய்வுகள் இதற்கு மாறான நம்பிக்கையைத் தருகின்றன. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டின் அழற்சி அடக்கும் திறனை ஹிஸ்டமின் எதிர்ப்பிகள் பெருக்குகின்றன என்று புவெனஸ் அயர்ஸ் ஆய்வாளர்கள் 2021இல் காட்டினர். ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க இது உதவக்கூடும் என்பது அவர்கள் கருத்து. அதே ஆய்வில் அசெலாஸ்டின் என்னும் எதிர்ப்பி எலும்பாக்கச் செல்களின் மடிவைக் கூட்டியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மனித மூக்கில் நடப்பது என்ன? 2012இல் வெளியான, 3,398 நோயாளிகளைக் கொண்ட மூன்று சோதனைகளின் தொகுப்பு தெளிவான விடை தருகிறது. 24 புள்ளி கொண்ட அறிகுறி மதிப்பெண் அசெலாஸ்டின்–புளூட்டிகசோன் கூட்டுத் தெளிப்பால் 5.7 குறைந்தது; ஸ்டீராய்டான புளூட்டிகசோனால் மட்டும் 5.1, அசெலாஸ்டினால் 4.4, போலி மருந்தால் 3.0. போலி மருந்தின் பங்கைக் கழித்தால் தனித்தனிப் பயன்கள் 2.1, 1.4. கூட்டினால் 3.5 வர வேண்டும், கிடைத்ததோ 2.7. கூட்டு மருந்து தனி மருந்துகளைவிட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இது பெருக்கம் அல்ல, முழுக் கூட்டல்கூட அல்ல. சேர்க்கப்பட்டவர்கள் மிதமான அல்லது கடுமையான அறிகுறி உள்ளவர்கள் என்பதால், மதிப்பெண் மேலும் குறைய இடமில்லாமல் போயிற்று என்றும் வாதிட முடியாது.

இந்தச் சிறு ஆதாயமும் மூக்கில் நேரடியாகத் தெளிக்கும்போதுதான். அங்கே மருந்தின் செறிவு மிகுதி. வாய்வழி மாத்திரைக்கு அந்த ஆதாயம் பொருந்தவில்லை. 12 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் பருவகால மூக்கழற்சிக்குத் தொடக்கத்தில் ஸ்டீராய்டுத் தெளிப்பு மட்டுமே போதும், ஹிஸ்டமின் எதிர்ப்பி மாத்திரையைக் கூடச் சேர்க்க வேண்டாம் என்று 2017இல் அமெரிக்க வழிகாட்டி நெறி பரிந்துரைத்தது. ஆகவே கூட்டுச் சிகிச்சை தேவைப்படும் நோயாளிக்குக் கூட்டுத் தெளிப்பையே தேர்வது தகும்.

ஸ்டீராய்டையும் ஹிஸ்டமின் எதிர்ப்பியையும் ஒரே மாத்திரையாக உட்கொள்ளத் தருவது, தெளிப்போடு மாத்திரையைச் சேர்ப்பதைவிட மோசம். உடல் முழுவதும் ஸ்டீராய்டின் பக்கவிளைவு, கைமாறாக நிறுவப்பட்ட கூடுதல் பயன் இல்லை. உள்ளுக்குச் சாப்பிடும் ஸ்டீராய்டை வேறெந்த மருந்தோடும் ஒன்றாகக் கலந்து விற்பதை இந்தியா தடைசெய்துள்ளது. அதையே இரண்டு மாத்திரைகளாகச் சீட்டில் எழுதுவதை அந்தத் தடை தொடுவதில்லை.