கடற்பக்கம் அனோட்டு, வாவிப்பக்கம் கதோட்டு

பெரியகல்லாற்றுக்குக் கிழக்கே கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. பாலமீன்மடுவில் ஒன்றும் கல்லாற்றில் மற்றொன்றுமாக இரு முகத்துவாரங்கள் வாவியைக் கடலோடு கலக்கின்றன. அந்த உவர்நீரைக் கோடையில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் முகந்து, டோர்ச் பற்றரியிலிருந்து எடுத்த இரு காபன் கோல்களை அதில் நிறுத்தி, நேரோட்டத்தைச் செலுத்தினால் விஞ்ஞான வரலாற்றின் ஒரு பெரும் அத்தியாயம் நம் கண்முன்னே விரியும்.

இத்தாலியரான வோல்டா 1800ஆம் ஆண்டில் தம் மின்னடுக்கை அறிவித்தார். ஓயாது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் மனிதன் கைக்கு வந்தது அப்பொழுதுதான். அதே ஆண்டில் நிக்கல்சனும் கார்லைலும் அதைக்கொண்டு நீரைப் பிரித்தனர். 1807இல் டேவி சோடியத்தையும் பொற்றாசியத்தையும் பிரித்தெடுத்தார். ஆயினும் இந்நிகழ்ச்சிக்கு விதியும் மொழியும் வகுத்தவர் கொல்லனின் மகன், புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் பரடே.

மின்னோட்டம் திரவத்தினுள் புகும் வாயிலுக்கும் வெளியேறும் வாயிலுக்கும் அவர் பெயர் தேடினார். எந்தக் கொள்கையையும் சாராத பெயராக அது இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவல் கிரேக்கச் சொற்களை எடுத்துக் கொடுத்தார். கிழக்கிலிருந்து மேற்காக, ஞாயிற்றின் வழியே மின்னோட்டம் செல்வதாகக் கொண்டால், உதயத்தின் பக்கம் அனோட்டு. அத்தமனத்தின் பக்கம் கதோட்டு. 1834இல் இப்பெயர்கள் அச்சேறின. பெரியகல்லாற்று ஆசிரியருக்கு இதைவிட எளிய பாடம் வேறில்லை. கடற்பக்கம் அனோட்டு, வாவிப்பக்கம் கதோட்டு!

தமிழகத்துப் பாடநூல்கள் இவற்றை நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்கின்றன. கேட்க அழகிய தமிழ்தான். ஆனால் மின்னை ஈனும் கலத்தில் நாகத்தகடு அனோட்டாக இருந்தும் எதிர் ஏற்றமே பெற்றிருக்கிறது; அங்கே மாணவன் தடுமாறுகிறான். பரடேயின் பெயரோ ஏற்றத்தைச் சொல்லவில்லை, வழியைச் சொல்லுகிறது. ஈழத்து நூல்கள் அச்சொல்லையே வைத்துக்கொண்டது பிழையன்று என்பது நம் கருத்து.

உப்பு மிகுந்த நீரில் அனோட்டிற் குளோரீன் எழும். கதோட்டில் ஐதரசன் எழ, அதன் அருகே எரிசோடா சேரும். செம்புக்கம்பியை அனோட்டாக வைத்தால் அக்கம்பியே கரைந்துபோகும். காபன் வேண்டியது அதனாலேதான். ஆடலோட்டம் இவ்வேலைக்கு உதவாது. நம் வீட்டுக்கு வரும் மின்னோட்டம் ஒரு செக்கனில் நூறு தடவை திசை மாறுவது. வாயில்கள் இரண்டும் ஓயாமல் இடம் மாறினால் விளைபொருள்களைத் தனித்தனியே எடுப்பது எவ்வாறு? குளோரீனும் ஐதரசனும் கலந்தால் வெடிக்கும் அபாயமும் உண்டு. ஆதலால் ஆலைகள் ஆடலோட்டத்தைச் சீராக்கி நேரோட்டமாக மாற்றிய பின்னரே கலத்தினுட் செலுத்துகின்றன.

எரிசோடா இன்றேல் சவர்க்காரம் இல்லை. வைக்கோலையும் எளிதிற் கூழாக்க முடியாது. வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலையே மூலப்பொருளாகக் கொண்டு எழுந்தது என்பதை மட்டக்களப்பார் நன்கறிவர். குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்கும். 1915 ஏப்பிரல் 22இல் ஈப்பர் போர்க்களத்திற் சிப்பாய்களின் நுரையீரலை எரித்ததும் இதே வாயுதான். கலத்தை எவர் கையில் வைத்திருக்கிறார் என்ற கேள்வி இரசாயன நூல்களில் இடம்பெறுவதில்லை.

1950களில் இலங்கை அரசு இக்கலத்தைப் பொதுவுடைமையாகவே அமைத்தது. ஆனையிறவில் வெயில் விளைவித்த உப்பு, உழைப்பாளர் தோளேறிக் கரைசேர்ந்த உப்பு, அருகிலிருந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எரிசோடாவாகவும் குளோரீனாகவும் பிரிந்தது. வடபுலத்து இளைஞர் பலருக்கு அது வேலைத்தலமாயிற்று. விஞ்ஞான மாணவருக்கோ பாடநூலின் படம் உயிர்பெற்று நின்ற இடம். 1980களின் நடுப்பகுதியிற் போர் அதை மூடியது. நிறுவனத்தின் பெயர் மட்டும் நிலைத்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவின் குடிநீருக்கு வேண்டிய குளோரீனைப் பிறநாடுகளிலிருந்து கப்பலில் தருவித்து விற்பது அதன் தொழிலாயிற்று.