ஓரியின் தெரு

கொல்லிமலையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பாவையில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் ஓரியின் ஒற்றை அம்பில். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துச் சென்ற அந்த அம்பு, வன்பரணர் பாட்டிலிருந்து புறப்பட்டுப் பள்ளிப் பாடப்புத்தகம், ஆடி மாதத்து அரசு விழா மேடை என்று இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. ஓரி சம்பந்தப்பட்ட பாட்டுகளில் என்னை நிறுத்தி வைப்பது வேறொன்று: நற்றிணையின் 320-ஆம் பாட்டு. விழா முடிந்துபோன ஊரில் பரத்தை ஒருத்தி அலங்கரித்துக்கொண்டு தெருவில் நடந்து போகிறாள், ஊர் இரைகிறது. அந்த இரைச்சலுக்குக் கபிலர் சொல்லும் உவமை, ஓரியைக் கொன்றுவிட்டுக் காரி அவனுடைய பெருந்தெருவுக்குள் நுழைந்தபோது எழுந்த இரைச்சல்.

கொன்றவன் பெயர் இருக்கிறது, கொல்லப்பட்டவன் பெயர் இருக்கிறது. இரைந்தவர்கள் யாரென்று இல்லை. அகநானூற்றின் 209-ஆம் பாட்டில் கல்லாடனார் மிச்சக் கணக்கையும் முடித்துவிடுகிறார்: காரி கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். எடுத்தவன், கொடுத்தவன், பெற்றவன் எல்லோரும் பதிவாகியிருக்கிறார்கள். மலையில் இருந்தவர்கள் ஓர் அகப்பாட்டின் உவமைக்குள் வெறும் சத்தமாக மிஞ்சியிருக்கிறார்கள்.

தங்களுடையது என்று நினைத்திருந்த ஒன்று தங்களைக் கேட்காமல் கைமாறும்போது ஜனங்கள் போடும் சத்தம் இது. நம் காலத்தில் இதைத் தெளிவாகக் கேட்க முடிகிற இடங்களில் ஒன்று கால்பந்து கிளப்பின் வாசல் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தியாவில் அந்தச் சத்தத்துக்கு நீண்ட சரித்திரம் உள்ள ஊர் கல்கத்தா. கொல்லியிலிருந்து அவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்கலாம். திரும்பி வரும் வழி கோயம்புத்தூர் வழியாக இருப்பதால்தான்.

*

ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்ததே நிர்வாகத்தின் மேல் வந்த ஒரு கோபத்தில். 1920 ஜூலை 28-ஆம் தேதி, கூச்பிஹார் கோப்பை ஆட்டம். மோகன் பகானை எதிர்த்து ஜோராபகான். ஜோராபகான் அணியிலிருந்து சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரர் காரணம் சொல்லப்படாமல் விடப்பட்டார். கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. வெளியேறினார். விடப்பட்டவர் கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதே காரணம் என்று வெளியேறியவர்கள் நம்பினார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி புது கிளப் தொடங்கியாயிற்று. ஓர் அணித் தேர்வின் மேல் வந்த ஆத்திரம் நான்கே நாட்களில் ஸ்தாபனமாகிவிட்டது. 1947-க்குப் பிறகு நிலத்தை இழந்து எல்லை தாண்டி வந்தவர்களுக்கு அந்தப் பெயர் இழந்த நிலத்தின் பெயராகவே இருந்தது. அவர்கள் அணி ஜெயித்தால் கல்கத்தாவில் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பார்கள். ஒரு கிளப் ஜனங்களின் சமையலறை வரை போய்விட்ட பிறகு அதன் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதில் கிடைக்காது.

ஆனால் அந்த ஜனங்களின் கோபம் சரியான வாசலுக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. 1975 செப்டம்பர் 30: ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ஐந்து, மோகன் பகான் பூஜ்யம். இந்த இரண்டு அணிகளுக்கு நடுவே அதைவிடப் பெரிய வித்தியாசம் இன்றுவரை நேர்ந்ததில்லை. 1911-இல் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் அணியைத் தோற்கடித்து அதே ஷீல்டை வாங்கிய கிளப்பின் ஆட்டக்காரர்கள், தங்கள் ரசிகர்களுக்கே பயந்து அன்றிரவு கங்கையில் ஒரு படகில் ஒளிந்திருந்தார்கள். ரசிகர்களில் ஓர் இளைஞன் தற்கொலை செய்துகொண்டான். அடுத்த பிறவியில் இன்னும் நல்ல மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழிதீர்ப்பேன் என்று எழுதிவைத்தான் என்பார்கள். படகுக்கும் இந்தக் கடிதத்துக்கும் இடையில் நிர்வாகி எங்குமே வருவதில்லை. அந்த அணியைச் சேர்த்தவர்கள், நடத்தியவர்கள், அந்த நிலைக்கு வரவிட்டவர்கள் இருக்கத்தானே செய்தார்கள்? ரசிகன் ஆட்டக்காரனைத் துரத்தினான், அல்லது தன்னையே அழித்துக்கொண்டான்.

1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். அதே இரண்டு அணிகள், லீக் ஆட்டம். மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டது கேலரியில் பற்றிக்கொண்டது. இரு தரப்பு ரசிகர்களையும் கலந்து உட்காரவைத்திருந்தார்கள். அடிதடியிலும் நெரிசலிலும் 16 பேர் செத்தார்கள். இந்த முறை கோபம் பக்கத்து ஆசனத்துக்காரன் மேல் பாய்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்துப் பிரியர்கள் தினம் என்று அனுசரிக்கிறார்கள். செத்தவர்களைப் 'பிரியர்கள்' என்று அழைத்துவிட்டால், ஆசனங்களை அப்படி ஒதுக்கியது யார் என்ற கேள்வி எழாது.

*

1998-இல் யுனைட்டட் புரூவரீஸ் கம்பெனி இரண்டு கிளப்புகளிலும் பாதிப் பங்கை வாங்கியது. ஒன்று மெக்டவல் மோகன் பகான், மற்றது கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். ஜன்ம விரோதிகள் இருவரும் ஒரே சாராயக் கம்பெனியின் இரண்டு புட்டிகளாக மைதானத்துக்கு வந்தார்கள். பெரிய எதிர்ப்பு எழவில்லை. பணம் வந்தது, பெயரின் வாலாவது மிஞ்சியது. 2010-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்று ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸோடு ஒப்பந்தம் போட்டது. அதன் விளைவாக 2014-இல் வந்த இந்தியன் சூப்பர் லீக்கில் நூறு வயதுக் கிளப்புகளுக்கு இடமில்லை. உள்ளே வரவேண்டுமென்றால் முதலாளியோடு வரவேண்டும்.

2020-இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதம் ஆர்.பி.-சஞ்சீவ் கோயங்கா குழுமத்துக்குப் போயிற்று. அவர்களுடைய பழைய அணியின் பெயர் முன்னால் ஒட்டப்பட்டு 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஸ்ரீ சிமெண்ட் வந்தது. முதல் வருஷம் 11 அணிகளில் ஒன்பதாவது இடம். அடுத்த வருஷம் 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். இரண்டு வருஷ ஆட்டங்களும் தொற்றுநோய் காரணமாகக் கோவாவில், அநேகமாகக் காலியான மைதானங்களில் நடந்தன. ரசிகனுக்குக் கேலரி இல்லை, துரத்த ஆட்டக்காரன் இல்லை, அடித்துக்கொள்ளப் பக்கத்து ஆசனக்காரனும் இல்லை. அப்போதுதான் அவன் கிளப் வாசலுக்கு வந்தான்.

2021 ஜூலை 21. இரண்டு வருஷங்களுக்கு நடுவில் விழுந்த நாள் அது. முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட கிளப் அதிகாரிகள், இறுதி ஒப்பந்தத்தில் போட மறுத்துக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர்களின் உரிமை பறிபோகும் என்பது அவர்கள் வாதம். அணி எந்த லீக்கிலும் ஆட முடியாமல் போகும் என்று பயந்த ரசிகர்கள் கையெழுத்துப் போடச் சொல்லித் திரண்டார்கள். அதிகாரிகள் பக்கம் பேசவும் ரசிகர்கள் வந்திருந்தார்கள். கைகலப்பு. போலீஸ் தடியடி. கைதுகள்.

இதை நிர்வாகிகளுக்கும் ரசிகர்களுக்கும் நடந்த சண்டை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். கூர்ந்து பார்த்தால் விஷயம் சங்கடமானது. விற்காதே என்று சொன்னவர்கள் பதவியில் இருந்தவர்கள். விற்றுத் தொலை, அணி ஆடட்டும் என்று சொன்னவர்கள் வாசலில் நின்றவர்கள். உரிமை என்ற வார்த்தை அதிகாரிகள் வாயில் அவர்களுடைய நாற்காலியைக் குறித்திருக்கலாம். அதற்காக அந்த வார்த்தையே பொய்யாகிவிடாது. ரசிகன் கேட்டதும் அடிமைச் சாசனம் அல்ல. சனிக்கிழமை பார்க்க ஓர் ஆட்டம். கிளப் யாருடையது என்பதை இரண்டு தரப்பும் ஒரே சொற்களில்தான் சொன்னார்கள். 1920-இல் காரணம் கேட்டு வெளியேறியவர்களின் கிளப் வாசலில், 101 ஆண்டுகள் கழித்துக் காரணம் கேட்டவர்கள் மேல் தடி விழுந்தது. 1975-இல் ஆட்டக்காரன் மேலும், 1980-இல் சக ரசிகன் மேலும் பாய்ந்த கோபத்துக்குச் சரியான முகவரி கிடைக்க 46 ஆண்டுகள் பிடித்தன. கிடைத்தபோதும் அது இரண்டாகப் பிளந்தே நின்றது. மாநில முதல்வர் தலையிட்டு அணி ஆட வழி செய்தார். 2022-இல் ஸ்ரீ சிமெண்ட் போய் இமாமி வந்தது. சேரன் பெயர் மாறியது, அவ்வளவுதான்.

மோகன் பகான் ரசிகர்களின் கதை இன்னும் தெளிவு. அவர்கள் அணி தோற்றுக்கொண்டிருக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தபோதே, 'ஏ.டி.கே.'யை எடு என்று மூன்று ஆண்டுகள் விடாமல் சொன்னார்கள். 2023 மார்ச் 18 அன்று அணி கோவாவில் பெங்களூருவைப் பெனால்டியில் வென்று சாம்பியன் ஆனது. அன்றே சஞ்சீவ் கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார். ஏ.டி.கே. போய், பின்னால் 'சூப்பர் ஜயண்ட்' வந்தது. பங்கு விகிதம் அப்படியே இருந்தது. தோல்வியைத்தான் ரசிகன் பொறுக்கமாட்டான் என்று நினைக்கிறவர்கள் இந்த மூன்று ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தவனிடமும் பெயரைத் திருப்பிக் கேட்டவர்கள் இவர்கள்.

வெளியே பார்த்தாலும் இதுதான். 2002-இல் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் அடித்தட்டு லீக்கில் தங்களுக்கென்று வேறொரு விம்பிள்டனைத் தொடங்கினார்கள். ஜோராபகான் கதையின் இங்கிலீஷ் பதிப்பு. ஜெர்மனியில் ஒரு சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்பது லீக் விதி. அங்கே சத்தம் சட்டமாகியிருக்கிறது. நம்மிடம் சத்தமாகவே இருக்கிறது.

*

இனிக் கோயம்புத்தூர். 2019 மார்ச் 9, ஐ-லீக்கின் கடைசி நாள். கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 என்று மினர்வா பஞ்சாபைத் தோற்கடித்துச் சாம்பியன் ஆனது. 43 புள்ளிகள். 42 புள்ளியோடு இரண்டாவது வந்தது யார் என்றால், ஈஸ்ட் பெங்கால். அதே ஆண்டு சுவிட்ஸர்லாந்தின் பாஸல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2021-க்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் இல்லை. இந்தியச் சாம்பியன் ஒன்று தமிழ்நாட்டில் இரண்டு வருஷத்தில் கரைந்துபோனது. அது விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி எந்தப் பக்கத்திலும் செய்தியாகவில்லை. ஒரு புள்ளியில் தோற்றவர்களின் வாசலில் தடியடி நடக்கிற அளவுக்கு ஜனங்கள் நின்ற அதே வருஷத்தில் இது நடந்தது.

தமிழனுக்கு ரசிகனாக இருக்கத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. ரசிகர் மன்றம் என்ற அமைப்பை நம்மைப்போல் வளர்த்தவர்கள் யார்? ஆனால் 1972 அக்டோபரில் கட்சியிடம் கணக்குக் கேட்டது எம்.ஜி.ஆர்.; மன்றங்கள் பின்னால் போய்க் கிளைகளாயின. ரசிகன் தலைவனுக்காகக் கேட்டான், தலைவனிடம் கேட்கவில்லை. பக்தி நமக்குக் கைவந்த விஷயம். 'இது என்னுடையது, கணக்குச் சொல்' என்கிற குரல் பக்தியிலிருந்து வருவதில்லை. அதற்கு உடைமை உணர்வு வேண்டும். ஒரு கோப்பையில் அது வருவதில்லை; பல தலைமுறைத் தோல்விகளில் வருகிறது. சென்னை சிட்டிக்குத் தோற்பதற்குக்கூட அவகாசம் இல்லை. அது கைமாறியபோது தெருவில் யாரும் இல்லை.

*

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆடி 17, 18-இல் விழா, வில்வித்தைப் போட்டி. விழா தோற்றவனுக்குத்தான், மலையை எடுத்த காரிக்கும் பெற்ற சேரனுக்கும் இங்கே ஆடி மாதத்தில் வேலை இல்லை. இதை மலையின் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. மலை சேரனிடம்தான் போயிற்று. மோகன் பகான் ரசிகர்களுக்கும் கிடைத்தது பெயர்தான். 80 சதவீதம் போன இடத்தில் இருக்கிறது. சத்தம் அவ்வளவுதான் சாதிக்கும் போலிருக்கிறது. அந்தச் சத்தமும் எழாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குக் கோயம்புத்தூர் போதும்.

காரி தெருவுக்குள் நுழைந்த பிறகு, மறுநாள் காலையில் அந்த ஊர் என்ன செய்தது என்று கபிலர் சொல்லவில்லை. அவருக்கு அது உவமைதானே. அந்தத் தெருவில் நின்றவர்களுக்கு மறுநாளும் இருந்திருக்கும்.