கொழுந்தின் ஈரமும் பெயரற்ற கைகளும்

கண்டி மஹியாவ மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கின்றது. 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர் என்று வரலாறு அவரைப் போற்றுகின்றது. போற்றட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. ஆயின் அந்நாளில் அவருடைய பங்களா விறாந்தையே தொழிற்சாலை. அங்கே மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்திக் கொழுந்தை மேசைமீது தேய்த்தவர் யார்? களிமண் அடுப்பில் கரியிட்டு வறுத்தவர் யார்? கோப்பிக் காலந்தொட்டுத் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

அக்கைகள் செய்த வேலை எளிதன்று. பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய முக்காற்பங்கு நீர். பரப்பி வாட்டினால் நீர் குறைந்து இலை துவளும், சாறு செறியும். இலையின் கலங்களிலே கற்றெக்கின்கள் ஓரிடத்திலும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் வேறோரிடத்திலும் ஒதுங்கியுள்ளன. தேய்க்கும்போது கலம் சிதைந்து இரண்டும் காற்றோடு கூடும். இந்நொதியம் கண்டதையெல்லாம் தாக்குவதில்லை. கற்றெக்கின்களைத் தேர்ந்து ஒட்சியேற்றும். அதனாலேயே பச்சை செம்பு நிறமாகின்றது. மிகையாக வாட்டினாலோ நொதியமே சோர்ந்துவிடும். அளவறியும் கருவி அன்று தொட்ட கையும் மோந்த மூக்குமே.

இதற்கு 'நொதித்தல்' என்று பெயரிட்டனர்; கள் புளிப்பதுபோல நுண்ணங்கிகளின் வேலை என்ற எண்ணம். இலையின் சொந்த நொதியமே காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. பிழைபட்ட பெயர் மட்டும் தொழிற்சாலையை விட்டுப் போகவில்லை!

வறுத்தலிலும் நுட்பமுண்டு. நீரில் கிடக்கும் நொதியம் கொதிவெப்பத்தில் விரைந்து உருக்குலையும், உலர்ந்ததோ தாங்கும். 1984இல் அமெரிக்காவில் சாக்ஸ், கிளிபனோவ் என்னும் இருவர், பன்றிக் கணையத்து லைப்பேசுத் தூளை ஏறத்தாழ நீரற்ற சேதனத் திரவத்திலிட்டு, 100 பாகை வெப்பத்திலும் அது பல மணிநேரம் தொழிற்படுவதைக் காட்டினர். தேயிலை அவ்வளவு வறண்டதன்று. எனினும் இலையில் ஈரமிருக்கும்போதே சூடு தாக்கவேண்டும். தவறினால் மிஞ்சிய நொதியம் பெட்டிக்குள்ளிருந்தும் தேயிலையைக் கெடுக்கக்கூடும்.

1873இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை லண்டனுக்குச் சென்றது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர் உரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தனர்.

ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களும் டெய்லரின் உடைமைகளும் உள்ளன. விறாந்தையில் தேய்த்தவர்களின் பெயரை மாணவர் கேட்கின்றனர். நாம் பலகைகளை மீண்டும் ஒருமுறை வாசிக்கின்றோம்.